கிரேக்க ஞானமும் வெக்கை ஊசியும்

கால்நடைத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு நான் ஊசி பிடிக்கக் கற்றுத்தரப் போவதில்லை. பாதியைக் காலேஜில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், மீதியை மாடு சொல்லிக்கொடுக்கும். நான் எச்சரிக்க வந்தது புத்தகத்தைப் பற்றி. படித்ததை அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிற ஆள் உங்களில் யாராவது இருந்தால், அவர் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேட்டால் போதும். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஓசூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். இன்றைக்கு மூக்கண்டப்பள்ளியில் கம்பெனிச் சங்கு ஊதுகிற இடத்தில் அன்றைக்கு நாங்கள் எருமைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். ஒரு எருமை என் காலை மிதித்துவிட்டது என்று அதை நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் திட்டினேன். அதன் சொந்தக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்குத் தமிழ் வராதுங்க, தெலுங்குல திட்டுங்க" என்றார். நான் அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

இதைப் பார்த்த எங்கள் டாக்டர் மறுநாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். டாக்டர் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். மெட்ராஸில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் கிரேக்க ஞானிகளின் நூல்கள் இரண்டை வாங்கியிருந்தார். ஒன்று, கேள்வி கேட்டே ஊரைக் கதிகலங்க அடித்துக் கடைசியில் சிறையில் விஷம் குடித்த ஒரு கிழவரைப் பற்றி அவருடைய சீடர் எழுதியது. அதை டாக்டர் யாருக்கும் தரமாட்டார். இன்னொன்று ஸ்டோயிக் என்று ஒரு கூட்டத்தார், அவர்களுடையது. அதைத்தான் என்னிடம் கொடுத்தார்.

"கம்பவுண்டர், இதப் படிங்க. இது படிக்கிற புத்தகம் இல்ல, வாழுற புத்தகம்" என்றார்.

இங்கிலீஷ் கொஞ்சம் கடுமைதான். ஆனால் சாரம் எளிது. உலகத்தில் நம் கையில் இருப்பது கொஞ்சம், இல்லாதது ஏராளம். நம் எண்ணம், நம் நடத்தை, இவ்வளவுதான் நம் கையில். மழை, மாடு, மேலதிகாரி எதுவும் நம் கையில் இல்லை. மாடும் மேலதிகாரியும் நான் சேர்த்துக்கொண்டவை. கையில் இல்லாததற்காகக் குதிக்காதே என்கிறார்கள். அதற்குப் பயிற்சியும் சொல்லியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்துவிட வேண்டும். நடக்கும்போது அதிர்ச்சி இருக்காது.

நான் பல் விளக்கும்போதே தொடங்கிவிடுவேன். பஸ் கெட்டு நிற்கும், மருந்துப் பெட்டி வராது, மாடு உதைக்கும். சாயந்திரம் பார்த்தால் மூன்றும் நடந்திருக்கும். எனக்கு ஞானம் முற்றிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். உண்மையையும் சொல்ல வேண்டும், கோபம் அடங்கத்தான் செய்தது. பழைய எருமை மறுபடி வந்து மறுபடி மிதித்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அதன் சொந்தக்காரர் பயந்துபோய், பொழுதோடு எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரோ தன் கிழவரைப் போலக் கேள்வி கேட்பதில் இறங்கியிருந்தார். யாராவது வந்து "மாடு சரியில்லீங்க" என்றால் கண்ணை மூடிக்கொண்டு, "சரி என்றால் என்ன?" என்பார்.

"தீனி எடுக்க மாட்டேங்குதுங்க."

"அப்போ தீனி எடுக்கிற எல்லாமே சரியா இருக்குதா?"

தமிழில் பதில் வராவிட்டால் கன்னடத்தில் கேட்பார், அதிலும் வராவிட்டால் தெலுங்கில். ஒருநாள் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாமி, நீங்க மாட்டப் பாக்கறீங்களா, இல்ல நான் மந்திரிக்கிறவன்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போவட்டா?" என்று கேட்டேவிட்டார். டாக்டருக்கு அதுவே ஒரு நல்ல கேள்வியாகப் பட்டது. இப்படி நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து தாலுகாவைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். மனைவி பெயர் மாதம்மாள், ஜவளகிரிப் பக்கத்தில் காட்டை ஒட்டின ஊர். புத்தகத்தில் ஓரிடத்தில், உனக்குப் பிரியமானவர்களைக் கொஞ்சும்போது அவர்கள் சாகக்கூடியவர்கள் என்பதை நினைத்துக்கொள் என்று வந்தது. படித்தேன். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவளை எதிரில் நிறுத்தி, மிகவும் சாந்தமாக, "மாதம்மா, நீ சாகப்போறவ. சாயந்திரம் நான் வர்றப்ப நீ இல்லாமக்கூடப் போயிருக்கலாம். அதுக்கு நான் தயாரா இருக்கிறேன்" என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மறுநாளும் சொன்னேன். "யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் என் கையில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்டாள். நான் தாயத்தோடும் சொன்னேன். ஒன்பதாம் நாள் சாயந்திரம் வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். "ஊருக்குப் போறாளாம், தேடிக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா" என்றார்கள்.

அவள் போனது என் கையில் இல்லை என்று நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வீட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்றார் டாக்டர். "சாந்தமா இருக்கிறேன் சார்" என்றேன். அவர் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில்தான் அவர் கேட்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தளியில் இறங்கி, நடந்து மாமனார் வீட்டுக்குப் போனேன். மாதம்மாள் வெளியே வரவில்லை. மாமனார் களத்துமேட்டில் மயிலைக்காளைக்குத் தவிடு காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, எம்பொண்ணுகிட்ட என்னா கொறயக் கண்டீங்க? தெனம் காலைல எழவு சொல்றீங்களாமே."

நான் கிரேக்க ஞானத்தை விளக்கினேன். அவர் தவிட்டுக்கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரியவில்லை போலிருக்கிறது, உதாரணம் காட்டுவோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

"இப்ப இந்த மயிலையவே எடுத்துக்குங்க மாமா. இன்னைக்கு நல்லா நிக்குது. நாளைக்கே செத்துப் போவலாம். அத இப்பவே நெனச்சுக்கிட்டீங்கன்னா..."

அவர் கூடையைக் கீழே வைத்தார். நான் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மயிலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் இளஞ்சோளத்தில் வாய் வைத்துச் செத்தது. இளஞ்சோளம் தின்றால் மாடு சாகும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓசூர் கம்பவுண்டருக்குக் கருநாக்கு. அவன் சொன்னால் பலிக்கும். தளிச் சந்தையில் கிளம்பின பேச்சு எனக்கு முன்னால் ஓசூர் வந்து சேர்ந்தது. நான் தெருவில் நடந்தால் கன்றுக்குட்டியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, "சார், கடையப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார்.

டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன்யா, மனசுக்குள்ள சொல்லிக்கோன்னுதானே போட்டிருக்கு. வாய்விட்டு, அதுவும் அவங்ககிட்டயே சொல்லச் சொல்லி எங்க போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். மனதுக்குள் என்றுதான் இருந்தது. தம்பிகளே, புத்தகத்தை முழு வாக்கியமாகப் படியுங்கள். என் சர்வீஸில் நான் கற்ற முதல் பாடம் அதுதான், அதற்கு ஒரு பெண்டாட்டியும் ஒரு மயிலையும் செலவாயின.

அடுத்த மாதமே வெக்கை என்கிற மாட்டுக் கொள்ளைநோய் வந்தது. நீங்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். கண்ணும் மூக்கும் ஒழுகும், வாய் புண்ணாகும், கழியும், ஒரு வாரத்தில் தொழுவம் காலி. மைசூர்ப் பக்கத்துச் சந்தையிலிருந்து ஓட்டிவந்த மாடுகளோடு எல்லையைத் தாண்டி, காட்டோரமாக ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. எந்த ஊருக்கு உடனே ஊசி போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த தாளைப் பிரித்தார் டாக்டர். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். என் மாமனார் ஊர். வெக்கை அங்கிருந்து இரண்டு கிராமம் தள்ளி வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

பெங்களூரிலிருந்து ஐஸ் வரவழைத்து, மருந்தை ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் புறப்பட்டோம். வெக்கை மருந்தைக் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதற்கப்புறம் அது வெறும் தண்ணீர். முந்தின நாளே தண்டோரா போட்டிருந்ததால் கோயில் திடலில் மாடுகள் நிற்கும் என்று நம்பி, ஊருக்குள் நுழையும்போதே டாக்டர் மருந்தைக் கலக்கிவிட்டார். திடலில் போய்ப் பார்த்தால் ஒரு வால்கூட இல்லை. மணியக்காரரும் பத்துப் பதினைந்து ஆண்களும் மட்டும் நின்றார்கள். ஓரத்தில் மாமனார், மேல்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"டாக்டரு ஊசி போடட்டும்" என்றார் மணியக்காரர். "மாப்ள ஊர் எல்லைக்கு அந்தாண்ட போயிரட்டும்."

"அவர் இல்லாம என்னால முடியாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் போடணும். நேரம் இல்ல" என்றார் டாக்டர்.

மணியக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "அப்பிடின்னா ஒண்ணு பண்ணலாம் மாப்ள. எந்த வாய் கெட்டதச் சொல்லிச்சோ அந்த வாயே நல்லதும் சொல்லட்டும். ஒவ்வொரு மாட்டு முன்னாலயும் நின்னு, இதுக்கு ஒரு நோவும் வராது, நல்லா இருக்கும்னு சத்தமாச் சொல்லணும். சொல்லிட்டு ஊசி போடுங்க. சொல்லலீன்னா ஒரு மாடும் வெளிய வராது" என்றார்.

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தார்.

"சார்" என்று அவர் கையைப் பிடித்து நாலடி தள்ளி இழுத்துக்கொண்டு போனேன். இங்கே கொஞ்சம் நில்லுங்கள் தம்பிகளே, நம் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வரும். மாடு பிழைப்பது என் கையில் இல்லை. மருந்து நல்லதுதான், ஆனால் ஒன்றிரண்டு மாட்டுக்குக் காய்ச்சல் வரலாம். நோய் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தால் ஊசி போட்டும் சாகலாம். ஒரு நோவும் வராது என்று நான் எப்படிச் சொல்வது? மனமறிந்து பொய் சொல்லாதே என்று அந்தப் புத்தகம் முழுக்கப் படித்துவிட்டு, சட்டென்று ஊரிலுள்ள அறுபது மாட்டுக்கும் அறுபது பொய்யா? பொய் சொல்லாவிட்டாலோ ஊரே தொழுவத்தை இழக்கும். அந்த ஊரில் மாடு போனால் ஏரும் போயிற்று, சோறும் போயிற்று.

"என் புத்தகத்துல ஓரிடத்துல இருக்கு" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "ஊர் நன்மைக்காக ஒரே ஒரு பொய் சொல்லலாம்னு."

"அறுபது சொல்லலாமா சார்?"

"அதப் பத்தி விசாரிக்கணும்" என்று கண்ணை மூடினார்.

ஃபிளாஸ்க் என் கையில் இருந்தது. உள்ளே ஐஸ் உருகி, தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிய டாக்டரை அப்படியே விட்டுவிட்டு மணியக்காரரிடம் திரும்பிப் போனேன். "ஓட்டிக்கிட்டு வாங்க" என்றேன். கையில் இல்லாததைப் பற்றி யோசிக்க அப்புறம் நிறைய நேரம் இருந்தது. ஊசி என் கையில் இருந்தது.

முதல் மாடு மணியக்காரருடையது. முன்னால் நின்று, "இதுக்கு ஒரு நோவும் வராது, நல்லா இருக்கும்" என்றேன். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார். கத்தினேன். டாக்டர் பிடித்தார், நான் ஊசியை இறக்கினேன். அடுத்தவர், "கெடாரிக் கன்னாப் போடும்னும் சேத்துச் சொல்லுங்க மாப்ள" என்றார். சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டு அதற்கடுத்தவர் நாலு படி பால் கேட்டார். ஒருவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். ஒருவர் தன் மகனுக்குப் பெண் அமையும் என்று சொல்லச் சொன்னார். இன்னொருவர் பங்காளி பெயரைக் காதில் சொல்லி, "இவனுக்கு மட்டும் பழயபடியே சொல்லுங்க" என்றார். மாடு மட்டும்தான், நல்லது மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். முப்பதாவது மாட்டில் தொண்டை கட்டியது. யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கருநாக்குக்காரனுக்கு அந்த ஊரில் அப்படி ஒரு உபசாரம்.

மாடுகள் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். பத்து நாளில் வெக்கை அந்த ஊரையும் எட்டிப் பார்த்தது. நாங்கள் ஊசி போட்ட அறுபத்து மூன்றில் ஒன்றும் போகவில்லை. அரசாங்கம் அதை மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டது, ஊர் என் நாக்கின் கணக்கில் எழுதிக்கொண்டது. அதற்கப்புறம் எந்த ஊசி முகாமுக்குப் போனாலும், "கம்பவுண்டர் சொல்வாரில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டை அவிழ்த்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை சொன்னேன்.

அன்றைக்குக் கடைசியில் மாமனார் செவலையை ஓட்டிவந்தார். மயிலைக்கு ஜோடியாக இருந்தது அது. என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். தொண்டையில் காற்றுதான் வந்தது, இருந்தாலும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு மாதம்மாள் வந்தாள். ஒன்றரை மாதம் கழித்துப் பார்க்கிறேன். இளைத்திருந்தாள். கிடாரிக்கும் சொல்லி ஊசி போட்டேன், அதுதான் அறுபத்து மூன்றாவது. மருந்தும் அதோடு தீர்ந்தது. அவள் நகரவில்லை.

"மாட்டுக்கெல்லாம் சொல்லிட்டீங்க. எனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அறுபத்து மூன்று முறை சொன்ன அதே சொல்தான். வரவில்லை. தொண்டை கட்டினதால் இல்லை. ஒருவேளை நான் சொல்லி, அது பலிக்காமல் போய்விட்டால் என்று ஒரு பயம் வந்துவிட்டது. இவள் நிஜமாகவே ஒருநாள் செத்துப்போவாள் என்பது, புத்தகம் படித்து ஒன்பது நாள் வாய்விட்டுச் சொன்ன எனக்கு, அப்போதுதான் தெரிந்தது. அந்த ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் விசும்பி விசும்பி அழுதேன். டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மணியக்காரர் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டார்.

மாதம்மாள் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் செத்துப்போவேன்னு சொன்னதுக்கா பொறந்த வீட்டுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? செத்துத்தான போவேன், எல்லாரும் போறதுதான். சொல்லி முடிச்ச கையோட, இன்னொரு உருண்டை களி வையின்னு தட்ட நீட்டுனீங்க. ஒம்போது நாளும் நீட்டுனீங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் சொன்னது அத்தனையும் நடந்ததுதான்.

அவள் கிடாரியின் கயிற்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "தளியிலருந்து ஓசூர் பஸ்ஸு எத்தன மணிக்குங்க?" என்று டாக்டரைக் கேட்டாள். பையை எடுத்துவர வீட்டுக்குப் போனவள் உடனே திரும்பி வந்தாள். முந்தின நாள் தண்டோரா போட்டபோதே கட்டி வைத்துவிட்டாளாம், மாமனார் சொன்னார்.